ஜூலையில் வந்த கேப்டன்

பஸ்ஸில் ஏறினால் கேப்டன் ரத்தினவேல் உட்காருவதில்லை. ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தாலும், டிரைவருக்கு நேர் பின்னால் போய், கம்பியை ஒரு கையால் பிடித்து, கால்களை அகட்டி நிற்பார். டிரைவரின் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்ப்பார். ஜனக்புரியிலிருந்து ஆர்.கே.புரம் வரும்வரை அந்தப் பார்வை விலகாது. முன்னால் போகும் டெம்போவின் பின்விளக்கு எரியாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். டிரைவர் பீடி பற்றவைக்கக் குனிந்தால் தோளில் இரண்டு தட்டு விழும். "க்யா ஹை, சாச்சா?" என்று அவன் எரிந்து விழுவான். "சாம்னே தேகோ, பையா," என்பார் கேப்டன். அவருக்குத் தெரிந்த ஹிந்தியில் பாதி, 'முன்னால் பாரப்பா' என்ற இந்த ஒரு வாக்கியம்தான்.

பக்கத்தில் கூச்சத்தில் நெளிந்தபடி நிற்பவர் ஜகந்நாதன். கேப்டனின் மனைவி வள்ளியம்மைக்குத் தம்பி.

"அத்தான், உக்காருங்களேன். அவனுக்கு ஓட்டத் தெரியும்."

"தெரியும்னு யாரு சொன்னா மாப்ள? அவன் சொன்னானா?"

வீட்டிலும் இதே கதைதான். கேஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்புத் தண்ணீரைக் குழைத்து ரப்பர் குழாயின் வாயில் தடவி, குமிழி வருகிறதா என்று கால் மணி நேரம் குத்துக்காலிட்டுப் பார்ப்பார். வழி கேட்டால் மூன்று பேரிடம் கேட்பார். மூவரும் ஒன்றே சொன்னால் நாலாவது ஆளைத் தேடுவார். காய்கறி வண்டிக்காரனின் தராசை ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் வண்டிக்கு மேலே கட்டிய தார்ப்பாயின் முடிச்சு அவர் கண்ணில் பட்டால் தீர்ந்தது. அவிழ்த்து, தானே வேறு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் வெண்டைக்காயைத் தொடுவார். "காத்து வந்தா இவன் கண்ணுலதான் விழும்," என்பார். காற்று வராத நாளிலும் சொல்வார்.

தூத்துக்குடியில் பிறந்தவர். ஐம்பத்து நான்கு வயது. குட்டையான, உரம் பாய்ந்த உடம்பு. கன்னங்கள் மட்டும் குளிரில் வெந்து, மாம்பழத் தோலைப் போலப் புள்ளி விழுந்திருக்கும். கடல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில் ஒரு கப்பல் கேப்டன் குடியிருப்பதற்குக் காரணம், வள்ளியம்மைக்கு வங்கி வேலை டெல்லியில் அமைந்ததுதான். ஜனக்புரியில் இரண்டாவது மாடியில் டி.டி.ஏ. வீடு. தெருவில் அவருக்கு 'ஜஹாஸ் வாலே சாஹப்', கப்பல்கார ஐயா, என்று பெயர்.

ஏப்ரல் கடைசி வாரம் பெட்டியோடு கிளம்புவார். கனடாவில் வான்கூவர் துறைமுகத்தில் முந்நூறு பேர் போகும் உல்லாசக் கப்பல் ஒன்று அவருக்காகக் காத்திருக்கும். செப்டம்பர் முடிய, வாரம் ஒரு பயணமாக, அலாஸ்காவின் கரையோரம் மேலும் கீழும் அதை ஓட்டுவார். அக்டோபர் முதல் வாரம் திரும்புவார். புகையில் வாட்டிய மீன் டப்பாக்கள் ஆறு கொண்டுவருவார். யாரும் தின்ன மாட்டார்கள். ஆர்.கே.புரத்தில் ஜகந்நாதனின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்லித் தீர்ப்பார். பதினோரு வருஷமாக அப்படித்தான். டெல்லியின் ஜூலை மாதம் எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஜூலை பத்தொன்பதாம் தேதி மத்தியானம், கொட்டுகிற மழையில் டாக்சி வந்து நின்றது. கேப்டன் இறங்கினார். கையில் ஒரே ஒரு பெட்டி, ஒரு தோல் ஃபைல். மீன் டப்பா இல்லை.

ஜகந்நாதன் வேலை பார்ப்பது ஓர் அமைச்சகத்தின் விஜிலன்ஸ் பிரிவில். புகார்க் கடிதங்களையும், புகாருக்கு ஆளானவர்கள் எழுதும் விளக்கங்களையும் இருபத்தோரு வருஷமாகப் படித்துக்கொண்டிருப்பவர். மொட்டைக் கடுதாசி வந்தால் எழுத்தை வைத்து, எழுதியவர் எந்த செக்‌ஷனில் எத்தனையாவது மேஜையில் உட்காருபவர் என்று சொல்லிவிடுவார். லீவு லெட்டரில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று யார் எழுதினாலும், அந்தக் காரணத்துக்கு ஒரு பெயரும் முகவரியும் இருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. அப்படிப்பட்டவரின் அக்காள் வீட்டுக்கு, சீசன் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் கேப்டன் வந்து இறங்கினால்?

"லீவா அத்தான்?"

"ஆமா."

"எத்தன நாளு?"

"பாப்போம்."

'பாப்போம்' என்ற சொல் ஜகந்நாதனுக்கு அன்றிரவு ஜீரணமாகவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது நோட்டம் விட்டார். வீட்டில் டெலிபோன் இருக்க, கேப்டன் குடையை விரித்துக்கொண்டு மார்க்கெட்டில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போகிறார். போகும்போது தோல் ஃபைல் அக்குளில் இருக்கிறது. திரும்பும்போது அக்குளில்தான் இருக்கிறது, கொஞ்சம் தடித்திருக்கிறது. தபால்காரர் வரும் நேரத்தில் மாடிப்படியில் நிற்கிறார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அக்கா தானே சொல்லித் தயிர் ஊற்றினாள். கேப்டன் அந்த ரசத்தை அதற்குள் குடித்து முடித்திருந்தார். சிலிண்டர் மாற்ற ஆள் வந்தான். சோப்புத் தண்ணீர் குழைக்க யாரும் எழுந்திருக்கவில்லை. அதுதான் ஜகந்நாதனை நிஜமாகவே பயமுறுத்தியது.

குடியாக இருக்குமோ? பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். விபூதி வாசனைதான் வந்தது. கடத்தலா? இந்த மனுஷன் ஏர்போர்ட்டில் சுங்கச் சோதனையில்லாத பச்சை வழியில் வெறுங்கையோடு போவதற்கே யோசிப்பவர். பெண் விவகாரமா? அந்த எண்ணம் வந்ததும் ஜகந்நாதன் சமையலறைக்குப் போனார்.

"அக்கா, அத்தான் எதுக்கு வந்திருக்காக?"

வள்ளியம்மை கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். "நான் கேக்கல."

"ஒரு வாரமாச்சு. கேக்காம எப்படி இருக்கே?"

"கேட்டா பாதி சொல்லுவாக. கேக்காட்டி முழுசாச் சொல்லுவாக. கல்யாணம் ஆன புதுசுல நான் கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போனவ." வாணலியை இறக்கிவிட்டுத் திரும்பினாள். "நீ உன் ஆபீஸ் புத்திய இங்க கொண்டாராத, என்ன?"

ஆபீஸ் புத்தியைக் கழற்றி வைக்க ஜகந்நாதனுக்குத் தெரியாது. எஸ்.டி.டி. பூத்துக்காரர் ஒரு சர்தார்ஜி. ஜகந்நாதன் அங்கே போய், தேவையில்லாத ஒரு போன் செய்துவிட்டு, பேச்சுவாக்கில் விசாரித்தார். "கேப்டன் சாஹப்? ரோஜ் ஆத்தே ஹைன். ஃபேக்ஸ்," என்றார் சர்தார்ஜி. தினமும் ஃபேக்ஸ் வாங்க வருகிறார். அது எங்கேயிருந்து வருகிறது? "பாஹர் ஸே. ஏக் மச்லி கா சக்கர் ஹை ஷாயத்." வெளிநாட்டிலிருந்து, ஏதோ மீன் விவகாரம். ஜகந்நாதன் மழையில் நனைந்தபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். மீனா? மீன் என்றால் எந்தக் குற்றப்பிரிவில் வரும்?

ஆடிக் கிருத்திகை அன்று அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மலை மந்திர் முருகனைக் கும்பிட வந்த கேப்டனும் வள்ளியம்மையும் முதலில் ஜகந்நாதனின் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். வள்ளியம்மையும் ஜகந்நாதனின் மனைவி அம்பிகாவும் பூத்தட்டோடு கோயிலுக்குக் கிளம்பினார்கள். முழங்கால் வலி என்று ஜகந்நாதன் வீட்டிலேயே இருந்துகொண்டார். கேப்டன், "ஒரு போன் பண்ணிட்டு வாரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தோல் ஃபைல் நாற்காலியிலேயே கிடந்தது.

ஜகந்நாதன் கதவைச் சாத்தினார். கூலரின் இரைச்சலில் வெளிச்சத்தம் கேட்காது என்று அதை நிறுத்தினார். விஜிலன்ஸ்காரர், ஃபைலை எடுக்கும் முன் அது எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டார். பிறகு திறந்தார்.

முதலில் இருந்தது ஒரு போட்டோ. கூழாங்கல் நிறைந்த கடற்கரை. அதன்மேல் கறுப்பாக, ஒரு வீடு சரிந்து கிடப்பதுபோல ஏதோ ஒன்று. பக்கத்தில் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த போட்டோவில் அதன் கண். மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. ஜகந்நாதன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காகிதங்களைப் புரட்டினார். இறந்த திமிங்கலம். கபாலத்தின் இடப்பக்கம் விரிசல். அன்று அந்த வழியே போன கப்பல்கள் மூன்று. கப்பல் கேப்டன்களில் புகார் பதிவுசெய்தவர் ஒருவர். யார் மேல் புகார்?

படித்த வரியை மறுபடி படித்தார். தன் கப்பலின் மேல்தான்.

"கேட்ருந்தா காமிச்சிருப்பேம்லா மாப்ள."

கேப்டன் வாசலில் நின்றார். நெற்றியில் மழைத்துளி. ஜகந்நாதன் எழுந்த வேகத்தில் காகிதங்கள் தரையில் சிதறின. இருவருமாகக் குனிந்து பொறுக்கினார்கள். ஃபைலை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாரோ என்ற சந்தேகம் ஜகந்நாதனுக்கு இன்றுவரை உண்டு. கேட்டால் அத்தான் சிரிப்பார்.

அன்று, கோயிலுக்குப் போனவர்கள் திரும்பும்வரை, கேப்டன் அந்த வருஷத்துச் சீசனைச் சொன்னார்.

மே மாதம் நன்றாகத்தான் தொடங்கியது. கரடிகள் தூக்கம் கலைந்து, கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரைக்கு வந்து, கல்லைப் புரட்டிப் புரட்டி நண்டு தின்றுகொண்டிருந்தன. கடல் நீர்நாய்கள் மல்லாந்து, பாசிக்கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அலை இழுத்துப் போகாமல் தூங்கின. வெள்ளைத் தலைக் கழுகுகள் மிதக்கும் பனிக்கட்டிமேல், படகுத்துறையில் ஆளுக்குக் காத்து நிற்பதுபோல நின்றன. பயணிகளில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவன் கிழவிகள். போர்வையைப் போர்த்திக்கொண்டு, தட்டில் வரும் சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி, மேல்தளத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் பார்க்க வருவது ஒன்றைத்தான்: மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குள் வந்து முடியும் பனியாறு. இருபது மாடி உயரத்துக்கு நீலமும் வெள்ளையுமாக ஒரு சுவர். அதிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து கடலில் விழ வேண்டும். அதற்குத்தான் காத்திருப்பார்கள்.

"அது சத்தம் போட்டுட்டு இருந்தா பயமில்ல மாப்ள. சும்மா இருக்கும்பாரு, அப்பதான் நம்பக் கூடாது. மல மாதிரி வெள்ளையா மெதந்து வாரதும் பிரச்சினையில்ல; அது ஊருக்கே தெரியும். கண்ணாடி மாதிரி ஒண்ணு வரும், தண்ணிக்குள்ள தண்ணி மாதிரி. அதுதான் கப்பலக் கிழிக்கது."

பனிக்கட்டிகள்மேல் சீல்கள் குட்டி போட்டுக் கிடக்கும். கப்பல் கிளப்பும் அலை அதை அசைத்தால் குட்டி தண்ணீரில் விழுந்துவிடும். அதற்காகக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இஞ்சினைக் குறைத்து, நகர்கிறோமா இல்லையா என்று தெரியாத வேகத்தில் போவாராம். பயணிகள் முணுமுணுப்பார்களாம். கம்பெனியும் கேட்குமாம். "நம்ம கப்பல் ஆளுக எனக்கு வச்சிருக்க பேரு தெரியுமா? சந்தேகக் கேப்டன். மொகத்துக்கு நேரயே சொல்லுவானுவ," என்றார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை ஜகந்நாதன் குறித்துக்கொண்டார்.

ஜூலை ஆறாம் தேதி சாயங்காலம் பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நின்றது. எதுவும் விழவில்லை. கிளம்பும் நேரம் தாண்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பயணிகள் கேட்டார்கள். கேப்டன் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக நிறுத்தினார். கடைசியில் ஒரு பாளம் பெயர்ந்தது. "கோயில் கோபுரம் உக்காந்தது மாதிரி விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாக. நானும் தட்டுனேன்."

அந்த ஒன்றரை மணியை மறுநாள் ஈடுகட்ட வேண்டியிருந்தது. காலை ஐந்தே முக்கால். அந்த ஊரில் அப்போது நன்றாக விடிந்திருக்கும், ஆனால் மூடுபனி. கப்பல் பதினாறு நாட் வேகத்தில், மணிக்கு முப்பது கிலோமீட்டர்போல, போய்க்கொண்டிருந்தது. கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் நான்கு பேர்: கேப்டன், இரண்டாம் அதிகாரி, சுக்கான் பிடிப்பவர், உள்ளூர்க் கடல்வழி காட்டும் பைலட். இந்த மூடுபனியில் இந்த வேகம் கூடாது, திமிங்கலம் திரியும் இடம் என்றார் கேப்டன். பைலட் மறுப்பாகத் தலையசைத்தார். முப்பது வருஷம் அந்தத் தண்ணீரில் பழகியவர். இந்த வாரம் அதெல்லாம் வடகரைப் பக்கம் போய்விட்டது, நேற்று நானே பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.

கேப்டன் சொல்வதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நம்புனேன் மாப்ள."

பத்து நிமிஷம் கழித்து, உள்ளங்காலில் ஒரு நடுக்கம். வீட்டில் பக்கத்து அறையில் யாரோ அரிசி மூட்டையைப் பொத்தென்று போட்டால் வருமே, அந்த அளவு. மற்ற மூன்று பேரையும் பார்த்தார். யாரும் எதையும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. இஞ்சினைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பின்தளத்துக்கு ஓடினார். மூடுபனி. கப்பல் கிழித்து வந்த நுரை. வேறு எதுவும் இல்லை. திரும்பி வந்து லாக் புக்கில் எழுதினார்: நேரம், இடம், வேகம், 'திமிங்கலத்தின் மேல் மோதியதாகச் சந்தேகம்'. பைலட், "எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "பார்க்கவில்லை," என்றார் கேப்டன். கரைக்கும் ரேடியோவில் தகவல் சொன்னார்.

நாலு நாள் கழித்து, பதினெட்டு மைலுக்கு அப்பால் ஒரு தீவில் அது ஒதுங்கியது. பெண் திமிங்கலம். அன்று காலை அந்த வழியே போன மற்ற இரண்டு கப்பல்களின் லாக் புக்குகளும் சுத்தமாக இருந்தன. எழுதியிருந்தவர் ஒருவர், எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். விசாரணை முடியும்வரை கப்பலை வேறு கேப்டனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்படி கம்பெனி சொன்னது.

"இப்ப தினமும் ஃபேக்ஸ் அனுப்புதான் கம்பெனி வக்கீல். ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுமாம். 'யோசித்துப் பார்த்ததில், நான் உணர்ந்தது இஞ்சின் அதிர்வே.' கையெழுத்துப் போட்டா ஆகஸ்டு பதினஞ்சுக்குக் கப்பல்ல ஏறலாம். போடாட்டி அடுத்த சீசனுக்கு என்னக் கூப்பிட மாட்டான்."

இருபத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு ஃபைல் ஜகந்நாதன் மேஜைக்கு வந்ததில்லை. தன்மேல் தானே புகார் எழுதிய ஆள். அப்படியானால் இதற்கு அடியில் வேறு ஏதோ இருக்க வேண்டும் என்றுதான் அவர் மனம் முதலில் போனது. பெரிய தப்பை மறைக்கச் சின்னத் தப்பை ஒப்புக்கொள்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். தப்பா நெனைக்கக் கூடாது. வேற எதுவும் இல்லையே?"

"இருக்கு. பதினாறுல போனது. பதிமூணுக்குக் கொறச்சிருக்கணும். அதுக்கு எவனும் என்னக் குத்தம் சொல்லல. சட்டப்படி பதினாறு தப்பில்ல."

"அது திமிங்கலம்தான்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. மரக்கட்டையாக்கூட இருக்கலாம். அங்க பெரிய பெரிய கட்டையெல்லாம் மெதக்கும்."

"அப்ப மரக்கட்டைன்னு எழுதுங்களேன்!"

"மரக்கட்டைய நான் பாக்கலையே மாப்ள."

கோயிலுக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். பஞ்சாமிர்தம் வாங்கிச் சாப்பிடும்போதே ஜகந்நாதனின் மூளை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. இது அவருடைய தொழில். எத்தனை பேருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்து, எத்தனை இன்கிரிமென்ட்டைக் காப்பாற்றியிருக்கிறார்! அன்றிரவே உட்கார்ந்தார். மூன்று பிரதி கிழித்தார். நாலாவது பிரதி தேறியது. 'குறிப்பிட்ட நேரத்தில் உணரப்பட்ட அதிர்வின் தன்மை குறித்துத் திட்டவட்டமாக எதையும் கூறும் நிலையில் நான் இல்லை. அது இயந்திர அதிர்வாகவும் இருந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.' பொய் என்று ஒருவனும் சொல்ல முடியாது. கம்பெனிக்கும் போதும். மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வாழ்நாளின் மிகச் சிறந்த டிராஃப்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜனக்புரிக்கு பஸ் ஏறினார்.

கேப்டன் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார்.

"நல்லா எழுதிருக்கே. ஒரு பொய் இல்ல."

"இல்லவே இல்ல அத்தான்."

"இத வாசிக்கவன் என்ன நெனப்பான்?"

ஜகந்நாதன் தன் டிராஃப்ட்டை எட்டி ஒரு முறை பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கலன்னு நெனப்பான். அப்படி நெனைக்கணும்னுதானே எழுதிருக்கே?" கோபமில்லாமல்தான் கேட்டார். சமையலறை வாசலில் வள்ளியம்மை ஈரக் கையோடு வந்து நின்றிருந்தாள். கேப்டன் அவளிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். லாக் புக்கில் எழுதியது அப்படியே நிற்கட்டும். மோதியது எது என்று எனக்குத் தெரியாது. மூடுபனியில் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். குறைக்காதது என் முடிவு, பைலட்டின் முடிவு அல்ல. அவ்வளவுதான்.

"அத்தான், இது விளக்கம் இல்ல. இது வாக்குமூலம்," என்றார் ஜகந்நாதன். "அக்கா, நீயாவது சொல்லேன்! அந்தக் கடலப் பாக்காம இவுக எப்படி இருப்பாக?"

வள்ளியம்மை தாளை எடுத்துப் படித்தாள். நெடுநேரம் படித்தாள். "தேதி போடல," என்று திருப்பிக் கொடுத்தாள். கேப்டன் தேதி போட்டார்.

ஆகஸ்டு பதினைந்து வந்து போனது. கம்பெனியிடமிருந்து மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. சேவைக்கு நன்றி என்றிருந்தது. இப்படிப்பட்ட 'நன்றி'யை ஜகந்நாதனே பலருக்கு டைப் செய்து அனுப்பியிருக்கிறார். குளிர்காலம் முழுக்க கேப்டன் வீட்டில்தான் இருந்தார். சர்தார்ஜியின் பூத்துக்கு மேலே தொங்கிய மின்வயரைச் சந்தேகப்பட்டு, ஏணி போட்டு ஏறி, அவரைக் கொண்டே மாற்ற வைத்தார். பழைய நண்பர் ஒருவர் மூலம் வேறு வேலை கிடைத்தது. ஒரிசாவின் பாரதீப்பிலிருந்து தூத்துக்குடிக்கு அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி ஏற்றிப்போகும் கப்பல். பயணிகள் இல்லை, பனி இல்லை, சூப் இல்லை. "கரிக்கு அவசரமில்ல மாப்ள, மெதுவாப் போலாம்," என்றார். ஏப்ரலில் சேர வேண்டும்.

மார்ச் மாதம், ஹோலி கழிந்த முதல் ஞாயிறு, ஜகந்நாதன் ஜனக்புரியில் இருந்தபோது விசாரணை அறிக்கை வந்திருந்தது. தடிமனான உறை. கேப்டன் பிரிக்கவில்லை. ஜகந்நாதன்தான் பிரித்தார். முடிவு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"அத்தான்! 'மூன்று கப்பல்களில் எது மோதியது என்று தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இல்லை. யார் மீதும் நடவடிக்கை இல்லை.' முடிஞ்சிது! அக்கா, கேசரி கிண்டு!"

சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில், அறிக்கையில் எதையாவது மறைத்திருக்கிறார்களா என்று பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அவருக்கு இன்னும் எங்கோ உறுத்தியது. பைலட்டின் வாக்குமூலம் அரைப் பக்கம்தான் இருந்தது. மற்ற இரண்டு கேப்டன்களின் வாக்குமூலங்களில் ஒரே வாக்கியம், ஒரே கமாவோடு இருந்தது. ஒரே ஆள் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஜகந்நாதனுக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும்போல் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

"நீளம் எவ்ளவுன்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார் கேப்டன்.

"எதோட நீளம்?"

"அதோட."

ஜகந்நாதன் தேடினார். "நாப்பத்து மூணு அடி."

கேப்டன் எழுந்தார். செருப்புப் போடாமல் படியிறங்கிப் போனார். அக்காளும் தம்பியும் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். தெருவில் ஹோலி வண்ணம் இன்னும் கழுவப்படாமல், ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. இஸ்திரி போடுபவரின் மேஜைக்கு அருகே, சுவரோரமாக, கேப்டன் குதிகாலைப் பதித்து நின்றார். பிறகு ஒரு பாதத்தின் முனையில் மறு பாதத்தை ஒட்டி வைத்து, ஒவ்வோர் அடியாக அளந்துகொண்டு நடந்தார். வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களைக் கடந்தார். எதிர்வீட்டு மாருதியைக் கடந்தார். தெருவின் குறுக்காக, பூங்காவின் கம்பிவேலி வரை போய் நின்று திரும்பினார். நடந்து வந்த நீளம் முழுவதையும், அது அங்கே கிடப்பதுபோல, பார்த்தார்.

அந்த நேரத்தில் முனையில் திரும்பி ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே ஒரு பெண்குழந்தை நின்றிருந்தது. கேப்டன் உள்ளங்கையை உயர்த்தினார். ஓட்டி வந்தவர் பிரேக் போட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, காலித் தெருவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருந்தார். கேப்டன் கையை இறக்கவில்லை.